முழங்கால் தேய்மானம் என்றால் நடப்பதை நிறுத்திவிட வேண்டுமா?

கேள்வியின் சுருக்கம் இது: அம்மாவுக்கு 61 வயது. ஓராண்டாக இரண்டு முழங்கால்களிலும் வலி. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் "மூட்டுத் தேய்மானம், மூன்றாம் நிலை" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அம்மா மாலை நடையை விட்டுவிட்டார். மாடிப்படி ஏறுவதில்லை. மிச்சமிருக்கும் குருத்தெலும்பையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று பெரும்பாலும் உட்கார்ந்தே இருக்கிறார். இது சரியா? ஊசியோ மாத்திரையோ உதவுமா? கடைசியில் அறுவை சிகிச்சைதானா?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மா மறுபடி நடக்க வேண்டும். நடையை நிறுத்தியதற்காக அவரைக் குறை சொல்ல முடியாது. இத்தனை மணி நேரம்தான் உழைக்கும் என்ற கணக்கோடு மூட்டு இருப்பதாக நினைத்தால், யாரும் அதைச் சிக்கனமாகச் செலவழிக்கத்தான் பார்ப்பார்கள். ஆனால் உயிருள்ள மூட்டு அப்படி இயங்குவதில்லை. இயன்முறை சிகிச்சை என் தொழில். என்னிடம் வருபவர்களில் மிகுந்த சிரமத்தில் இருப்பவர்கள் எக்ஸ்ரே மோசமாக இருப்பவர்கள் அல்லர். பயந்து அசையாமல் இருந்து, தொடைத் தசை வற்றிப் போனவர்கள்தான்.

எலும்பு நுனிகளைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பில் ரத்தக் குழாய்கள் கிடையாது. அதற்கான ஊட்டம் மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்து வருகிறது. காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அழுந்தி உள்ளிருக்கும் நீரை வெளியே விடுகிறது; பாரம் விலகும்போது, பிழிந்த பஞ்சு நீரை உறிஞ்சுவதைப் போல, புதுத் திரவத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பாரமும் விடுப்பும் மாறி மாறி வந்தால்தான் இது நடக்கும். தண்டுவடக் காயத்தால் கால்களை அசைக்க முடியாமல் போனவர்களின் முழங்கால் குருத்தெலும்பு மெலிந்துபோவதை எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காயத்துக்குப் பிறகு அவர்கள் அந்த மூட்டின் மேல் பாரமே வைத்ததில்லை. பயன்படுத்தினால்தான் தேயும் என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை.

குருத்தெலும்பில் நரம்புகளும் இல்லை. அப்படியானால் வலி எங்கிருந்து வருகிறது? குருத்தெலும்புக்கு அடியில் உள்ள எலும்பு, மூட்டை உட்புறமாகப் போர்த்தும் சவ்வு, தசைநார்கள், முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள கொழுப்புத் திசு ஆகியவற்றிலிருந்துதான். இவற்றில் நரம்புகள் ஏராளம். சவ்வில் அழற்சி ஏற்பட்டு நீர் கோத்தால் வலிக்கும். அடி எலும்புக்குள் மாற்றங்கள் ஏற்பட்டால் வலிக்கும். அம்மாவுக்குச் சில வாரங்கள் வலி கூடி, சில வாரங்கள் குறைகிறதா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஆம் என்பார். குருத்தெலும்பு வாரத்துக்கு வாரம் தேய்ந்து வளர்வதில்லை. வாரத்துக்கு வாரம் மாறுவது அழற்சியும் தசை வலுவும் தூக்கமும் மனநிலையும்தான். இவற்றில் பெரும்பாலானவை நம் முயற்சிக்குக் கட்டுப்படுபவை. அந்த நம்பிக்கையை அம்மாவுக்குக் கொடுங்கள்.

உண்மையில் இந்த நோயில் மூட்டு சும்மா சிதைந்துகொண்டிருப்பதில்லை, தன்னைச் சரிசெய்துகொள்ளவும் முயல்கிறது. எக்ஸ்ரேயில் ஓரங்களில் தெரியும் எலும்பு முளைகள் அந்த முயற்சியின் ஒரு பகுதி. முயற்சி கோணலாகப் போகும்போதுதான் வீக்கம், இறுக்கம், வலி எல்லாம். வயது, பரம்பரை, உடல் எடை, பழைய விளையாட்டுக் காயம், கால் வளைவு, நெடுங்காலம் மண்டியிட்டும் பாரம் தூக்கியும் செய்த வேலை எனக் காரணங்கள் பல. பெண்களுக்கு அதிகம் வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகில் 52.8 கோடி பேர் இந்த நோயோடு வாழ்ந்தார்கள். அவர்களில் 36.5 கோடி பேருக்கு முழங்காலில்தான் பாதிப்பு. அம்மா ஏதோ தவறு செய்து இதை வரவழைத்துக்கொள்ளவில்லை.

இப்போது அந்த "மூன்றாம் நிலை"க்கு வருகிறேன். கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1957இல் வகுத்த அளவுகோல் அது. பூஜ்யத்திலிருந்து நான்கு வரை போகும். எலும்புகளுக்கு இடையே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, எலும்பு முளைகள் எவ்வளவு என்பதை எக்ஸ்ரேயில் பார்த்து எண் கொடுப்பார்கள். அந்த எண் வலியை அளப்பதில்லை. நடக்கும் திறனையும் அளப்பதில்லை. புற்றுநோயின் நிலைகளைப் போல, மூன்றுக்குப் பிறகு நான்கு, அதற்குப் பிறகு முடிவு என்று பலர் மனத்துக்குள் கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். அப்படி எந்த விதியும் இல்லை. பல ஆண்டுகள் அதே நிலையில் நின்றுவிடும் முழங்கால்கள் நிறைய உண்டு.

படங்களை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு ஒரு ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் நகரில், எக்ஸ்ரேயில் தேய்மானமே தெரியாத, 50 வயதைத் தாண்டிய 710 பேரின் முழங்கால்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2012இல் வெளியான முடிவின்படி 89 சதவீதத்தினரின் முழங்காலில் ஏதாவது ஒரு மாற்றம் இருந்தது. வலி இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால்தான் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல், 2022இல் திருத்தியபோதும், நோயைக் கண்டறிய வழக்கமாகப் படம் எடுக்கத் தேவையில்லை என்கிறது. வயது 45 அல்லது அதற்கு மேல், வேலை செய்யும்போது வரும் வலி, காலையில் இறுக்கம் இல்லாமை அல்லது அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும் இறுக்கம் ஆகிய மூன்றும் இருந்தால் பொதுவாக அதுவே போதும். ஆகவே எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா என்று அலைய வேண்டாம். ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரேயையும் அடிக்கடி வெளியே எடுத்துப் பார்க்க வேண்டாம்.

சிகிச்சையின் மையம் உடற்பயிற்சிதான். எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் எப்படிச் செய்வது என்று யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முழங்காலுக்கு முதல் துணை தொடையின் முன்புறத் தசை. வலி வந்தால் மூளை அந்தத் தசையின் இயக்கத்தைக் குறைத்துவிடுகிறது. மூட்டில் நீர் கோத்தால் இன்னும் குறைக்கிறது. தசை தளர்ந்தால் ஒவ்வொரு அடியின் அதிர்வும் மூட்டுக்கே போகிறது, மேலும் வலிக்கிறது. இந்தச் சுழலை எங்காவது வெட்ட வேண்டும். வெட்டுவதற்கு எளிய இடம் நாற்காலி. கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, மெதுவாக, மூன்று நான்கு நொடிகள் எடுத்துக்கொண்டு மீண்டும் உட்கார வேண்டும். முடியவில்லை என்றால் இருக்கையின் மேல் ஒரு தடித்த மெத்தையைப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். அல்லது கைப்பிடியை லேசாகப் பிடித்துக்கொள்ளட்டும். எட்டு முதல் பத்து முறை, சிறிது ஓய்வு, மீண்டும் ஒரு சுற்று. எளிதாகிவிட்டால் மெத்தையை எடுத்துவிடுங்கள். எழுவதைவிட உட்காருவதை மெதுவாகச் செய்வதில்தான் தசைக்கு வேலை அதிகம். அவசரமாகத் தொப்பென்று உட்கார்ந்தால் பயன் பாதிதான்.

அதோடு, உட்கார்ந்தபடியே ஒரு காலை நேராக நீட்டி ஐந்து நொடி நிறுத்துவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்துவது. ஒருக்களித்துப் படுத்து மேல் காலை உயர்த்துவது, இது இடுப்புப் பக்கத் தசைகளுக்கானது. கொஞ்சம் தேறிய பிறகு ஒற்றைப் படியில் ஏறி இறங்குவது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் இந்த வலுப் பயிற்சிகள். மற்ற நாட்களில் நடையோ சைக்கிளோ நீச்சலோ, எது பிடிக்கிறதோ அது. எந்தப் பயிற்சி சிறந்தது என்று என்னைக் கேட்டால், மூன்று மாதம் கழித்தும் விடாமல் செய்வார் என்று தோன்றுவதுதான் என்பேன்.

"வலித்தால் என்ன செய்வது?" என்ற கேள்வியில்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். வலியே இல்லாமல் செய்ய வேண்டும் என்று காத்திருந்தால் தொடங்கவே முடியாது. பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு எண் கொடுக்கச் சொல்லுங்கள். பயிற்சியின்போது ஐந்து வரை போவதை ஏற்றுக்கொள்ளலாம். முக்கியமானது அடுத்த நாள். 24 மணி நேரத்துக்குள் வலி பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் அந்த அளவு சரி. திரும்பவில்லை, முழங்கால் வீங்கியிருக்கிறது என்றால் நேற்று செய்தது அதிகம். எண்ணிக்கையையோ உயரத்தையோ குறைத்துத் தொடர வேண்டும், நிறுத்தக் கூடாது. பயிற்சியில் வரும் இந்த வலி மூட்டு சேதமடைவதன் அடையாளம் அல்ல. அசையும்போது கேட்கும் கரகரப்புச் சத்தமும், வலியோ வீக்கமோ சேர்ந்து வராத வரை, பயப்பட வேண்டிய ஒன்றல்ல.

டென்மார்க்கில் 2013இல் இதையே ஒரு முறைப்படுத்திய திட்டமாகத் தொடங்கினார்கள். ஆறு வாரங்களில் 12 மேற்பார்வைப் பயிற்சிகள், நோயைப் புரியவைக்கும் இரண்டு வகுப்புகள். இன்று பல நாடுகளில் அது நடக்கிறது. புரியவைப்பதைத் தனி வகுப்பாகவே வைத்திருப்பதைக் கவனியுங்கள். பயம் நீங்காதவரிடம் பயிற்சித் தாளைக் கொடுத்து அனுப்புவதில் பயனில்லை என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். உடற்பயிற்சி வலியை முழுவதுமாக எடுத்துவிடாது. ஆய்வுகளில் சராசரிப் பலன் மிதமானதுதான். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். இருந்தும் அதை முதலிடத்தில் வைக்கக் காரணம் உண்டு. வலி குறைவதோடு சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம், விழாமல் நடக்கும் திறன் எல்லாவற்றுக்கும் அதுவே உதவுகிறது. இந்த நோய்க்கான எந்த மாத்திரையும் அப்படிச் செய்வதில்லை.

உடல் எடை பற்றி அம்மாவிடம் பேசும்போது கனிவு வேண்டும். ஒல்லியானவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. எடை கூடியவர்கள் எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் எடை கூடுதலாக இருந்தால், அதைக் குறைப்பதன் பலன் உறுதியானது. 2005இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டது. ஒரு நாளில் எத்தனை ஆயிரம் அடி வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பாரம் மட்டுமல்ல, கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரக்கிறது. எடை தாங்காத கைவிரல் மூட்டுகளிலும் எடை கூடியவர்களுக்குத் தேய்மானம் அதிகம் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். உடல் எடையில் பத்து சதவீதம் குறைந்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும். ஐந்து சதவீதமே சிலருக்குப் போதும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு செமாக்ளூடைட் ஊசி எடையோடு முழங்கால் வலியையும் குறைத்ததாக 2024இல் ஒரு பெரிய ஆய்வு வந்திருக்கிறது. அது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மருந்துகளில், முழங்காலுக்கு முதலில் முயல வேண்டியது மேலே தடவும் டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணக் களிம்பு. மூட்டு தோலுக்கு அருகில் இருப்பதால் அங்கே வேலை செய்கிறது. ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கிறது. அது போதவில்லை என்றால் இபுபுரூஃபென், நாப்ராக்ஸென் வகை மாத்திரைகள், குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு. இவற்றை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் விழுங்கும் பழக்கம்தான் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. வயிற்றில் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்த அழுத்தம் கூடுதல், இதய நோய் ஆபத்து எல்லாம் இவற்றோடு வரக்கூடும், அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் அதிகம். அம்மா ரத்தம் உறையாமைக்கான மருந்தோ ரத்த அழுத்த மருந்தோ எடுத்துக்கொள்கிறார் என்றால், மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு மாத்திரைகூட வேண்டாம். பாரசிட்டமால் பாதுகாப்பானது என்று எண்ணிப் பலர் தொடர்ந்து எடுக்கிறார்கள். இந்த வலியில் அதன் பலன் மிகக் குறைவு. மார்ஃபின், டிரமடால் போன்ற ஓபியாய்டு வகை வலி மருந்துகள் இதற்கு வேண்டவே வேண்டாம்.

குருத்தெலும்புக்கு நல்லது என்று விற்கப்படும் துணை மாத்திரைகளான குளுக்கோசமைன், காண்ட்ராய்ட்டின் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது பரிந்துரைப்பார்கள். 2006இல் அமெரிக்காவில் ஏறக்குறைய 1,600 பேரிடம் நடந்த ஆய்வில், மொத்தமாகப் பார்த்தபோது வெற்று மாத்திரையைவிட அவை குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. அந்தப் பணத்தை நல்ல காலணிக்குச் செலவிடுங்கள்.

ஊசிகளில் ஸ்டீராய்டு சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். வீங்கிச் சூடாகி நடக்கவே முடியாத கட்டத்தில், பயிற்சியைத் தொடங்க ஒரு வாய்ப்பாக அதைப் பயன்படுத்தலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து போட்ட ஓர் ஆய்வில் (2017), உப்பு நீர் ஊசி போட்டுக்கொண்டவர்களைவிட வலி குறையவில்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாக மெலிந்திருந்தது. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்துப் போடும் பி.ஆர்.பி. ஊசியை ஆஸ்திரேலியாவில் 288 பேரிடம் உப்பு நீரோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2021இல் வந்த முடிவில், ஓராண்டுக்குப் பிறகு வலியிலும் குருத்தெலும்பிலும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. குருத்தெலும்பை மீண்டும் வளர்க்கும் என்ற விளம்பரத்தோடு வரும் எதையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம். வளர்த்துக் காட்டி, வலியும் குறைந்தது என்று நிரூபித்த மருந்து இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை.

சிறு துளையிட்டு மூட்டைக் கழுவிச் சுத்தம் செய்யும் அறுவை சிகிச்சையையும் யாராவது சொல்லக்கூடும். அமெரிக்காவில் 180 பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் ஒரு பகுதியினருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டு, உள்ளே எதுவும் செய்யாமல் தைத்து அனுப்பினார்கள். 2002இல் வெளிவந்த முடிவில், உண்மையான சிகிச்சை பெற்றவர்கள் இவர்களைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை. தேய்மானத்துக்கு மட்டும் அந்தச் சிகிச்சையை ஏற்க வேண்டாம்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை வேறு விஷயம். தேவையானவர்களுக்கு அது மிக நல்ல சிகிச்சை. 2019இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வின்படி, முழு முழங்கால் மாற்றுகளில் ஏறக்குறைய 82 சதவீதம் 25 ஆண்டுகள் நிலைக்கின்றன. அதே சமயம் ஐந்தில் ஒருவர் வரை, மாற்றிய பிறகும் ஓரளவு வலி தொடர்கிறது என்கிறார்கள். இந்த இரண்டையும் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். எக்ஸ்ரேயில் என்ன எண் என்பது முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. வலி இரவில் எழுப்புகிறதா, அன்றாட வேலை முடங்கிவிட்டதா, சில மாதங்கள் ஒழுங்காகப் பயிற்சியும் எடைக் குறைப்பும் மருந்தும் செய்து பார்த்தாயிற்றா என்பவைதான் கேட்க வேண்டியவை. செய்து பார்த்தும் வாழ்க்கை முடங்கியிருக்கிறது என்றால் தள்ளிப்போட்டுத் துன்பப்படவும் வேண்டாம். அறுவைக்கு முன் தொடைத் தசையை வலுப்படுத்தி வைத்திருப்பவர்கள் எழுந்து நடக்கத் தொடங்கும் நாட்களை எளிதாகக் கடக்கிறார்கள். ஆகவே எந்தப் பாதையில் போனாலும் பயிற்சி வீணாகாது.

அன்றாடத்துக்குச் சில குறிப்புகள். கைத்தடி வைத்துக்கொள்வதாக இருந்தால் அதிகம் வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். பலர் அதே பக்கம் பிடிக்கிறார்கள். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். குந்தி உட்காருவதையும் மண்டியிடுவதையும் வலி அதிகமுள்ள நாட்களில் குறைக்கலாம். வேலையை ஒரே மூச்சில் முடிக்காமல் பிரித்துச் செய்வது நல்லது. வலி இல்லாத நாளில் எல்லாவற்றையும் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக்கொள்வதுதான் இந்த நோயாளிகளிடம் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். தூக்கம் கெட்டால் வலி கூடும், மனச் சோர்வும் அப்படியே. அம்மா எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருக்கிறார் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அது வலிச் சிகிச்சையின் பகுதிதான்.

சில அறிகுறிகள் வந்தால் இதுவரை சொன்ன எதற்கும் காத்திருக்கக் கூடாது. ஒரு மூட்டு திடீரென்று சிவந்து சூடாகி வீங்கி, காய்ச்சலும் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் திடீர் வீக்கமும் வலியும் வந்தால் ரத்த உறைவாக இருக்கக்கூடும், அதற்கும் அன்றே. காலை இறுக்கம் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது, கை மூட்டுகளும் சேர்ந்து வீங்குகின்றன என்றால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். அதன் சிகிச்சை முற்றிலும் வேறு. விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாமை, முழங்கால் நடுவில் பூட்டிக்கொள்வது, காரணமில்லாமல் எடை குறைவது, ஓய்விலும் விடாத வலி ஆகியவற்றையும் தாமதிக்காமல் காட்ட வேண்டும். இன்னொன்று, இடுப்பு மூட்டில் பாதிப்பு இருந்தால் வலி தொடை இடுக்கிலோ முழங்காலிலோ தெரியலாம். முழங்காலுக்கு என்ன செய்தும் பலனில்லை என்றால் இடுப்பையும் சோதிக்கச் சொல்லுங்கள்.

வீட்டில் இருக்கும் உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. "நீ உட்காரு அம்மா, நான் எடுத்து வருகிறேன்" என்று அன்போடு சொல்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அவர் நாற்காலியிலிருந்து எழும் ஒவ்வொரு முறையும் அவருக்கு ஒரு பயிற்சி. மாலையில் அவரோடு சேர்ந்து நடங்கள். முதல் வாரம் பத்து நிமிடம் போதும். மறுநாள் முழங்கால் ஒத்துழைத்தால் அடுத்த வாரம் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். தொடங்கும் நாளில், 30 நொடிகளில் கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணிக் குறித்து வையுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் அதே வழியில் தொடரலாம். விடாமல் செய்தும் கூடவில்லை, வலியும் குறையவில்லை என்றால், அந்தக் குறிப்பை எடுத்துக்கொண்டு எலும்பு மருத்துவரிடம் போய் அடுத்த சிகிச்சையைப் பற்றிப் பேசுங்கள்.